பெரணி பெஞ்சும் கிளிச் சங்கிலியும்

மேனாம்பேட்டில் ஒரு வெல்டிங் பட்டறை. வாசலில் கால் உடைந்த வார்ப்பிரும்பு பெஞ்சு. சாய்மானம் முழுக்கப் பெரணி இலைகள். "இது என்ன இலைங்க?" என்றேன். "டிசைன் சார், ஏதோ பழைய பங்களா சாமான்" என்றார் பட்டறைக்காரர். வார்ப்பிரும்பில் பற்று வைப்பது லேசான வேலையில்லை. அவர் கவலை அவருக்கு.

அந்த இலைக்கு ஊர் உண்டு. இங்கிலாந்தின் கோல்புரூக்டேல். 1709இல் ஆபிரகாம் டார்பி கல்கரியால் இரும்பு உருக்கிய இடம். பெரணியும் பிளாக்பெரியும் பின்னிய இருக்கையை அங்கே 1858 வாக்கில் வார்த்தார்கள். அந்நாளில் அந்நாட்டில் பெரணிப் பைத்தியம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்த்தார்கள். ஒருமுறை அச்சைச் செதுக்கிவிட்டால் மணலில் எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். மற்ற வார்ப்பாலைகளும் சும்மா இருக்கவில்லை, நகலெடுத்துத் தள்ளின.

நம்மிடம் இருந்தது ஊஞ்சல் சங்கிலி. பித்தளையில் கிளி, மயில், யானை. மெழுகில் பிடித்து வார்த்தால் ஒவ்வொரு வார்ப்போடும் அச்சு அழிந்துவிடும். அதனால் எங்கள் வீட்டுக் கிளிகளில் ஒன்றுக்கு மூக்கு கொஞ்சம் கோணல். கூடம் இடித்துக் கட்டியபோது சங்கிலியை எடைக்குப் போட்டோம். கிளிக்கும் யானைக்கும் ஒரே விலைதான். பலகை மட்டும் கொல்லையில் ரொம்ப நாள் கிடந்தது.