நிலவறையில் கூடிய அரசவை

1969 ஜூலை 5, சனிக்கிழமை. லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் இலவசக் கச்சேரி. அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரையன் ஜோன்ஸ் இரண்டு நாள் முன்புதான் இறந்துபோயிருந்தார். அஞ்சலிக் கூட்டமாகவே மாறிவிட்ட அந்த நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் 2.5 லட்சம் பேர் என்று குறைத்துச் சொல்பவர்கள் உண்டு, 5 லட்சம் என்று கூட்டிச் சொல்பவர்களும் உண்டு. ஸ்டோன்ஸ் மேடையேறும் முன் வாசித்த குழுக்களில் ஒன்று, உருவாகி ஆறு மாதம்கூட நிறையாதது. கடைகளில் அதன் பெயரில் ஓர் இசைத்தட்டு கிடையாது. வானொலியில் ஒலித்து ஊரறிந்த பாட்டும் கிடையாது.

அந்தக் குழுவின் பெயர் கிங் கிரிம்சன். நடனமாட வைக்கும் தாளமோ, கூடச் சேர்ந்து பாடும் பல்லவியோ அவர்களிடம் இல்லை. எரியும் போர்க்களத்தைப் பற்றிய ஒரு பாட்டோடு தொடங்கினார்கள். ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட்டின் ‘கோள்கள்’ தொகுப்பிலிருந்து செவ்வாய்க் கிரகத்துக்கான பகுதியை வாசித்து முடித்தார்கள். கூட்டம் கலைந்து போகவில்லை, கேட்டது. மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 10 அன்று, அவர்களுடைய முதல் ஆல்பம் ‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்’ வெளியானது. ப்ராக்ரெசிவ் ராக் என்ற இசை வகை தன் முழு உருவத்தோடு வெளிப்பட்ட இடம் இதுதான் என்று வரலாற்றாசிரியர்களில் பலர் கருதுகிறார்கள். நானும் அப்படியே நினைக்கிறேன். காரணங்களைப் பார்ப்போம்.

கடற்கரை ஊரிலிருந்து

சென்ற வாரம் 1967-ஆம் ஆண்டைப் பார்த்தோம். பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்’ ஓர் ஆல்பம் முழுவதையும் ஒரே படைப்பாகக் கேட்கலாம் என்று காட்டியது. ப்ரோக்கோல் ஹாரம் குழு செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் சாயலை ஆர்கனில் கொண்டுவந்து, ஒரே பாட்டில் உலகப் புகழ் பெற்றது. மூடி ப்ளூஸ் குழு ஓர் ஆர்க்கெஸ்ட்ராவையே அழைத்து வந்து ‘டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’ ஆல்பத்தைப் பதிவு செய்தது. ஆனால் அந்த ஆல்பத்தைக் கவனித்துக் கேட்டால் ஒன்று புரியும். குழு ஒரு பக்கம் பாடுகிறது, ஆர்க்கெஸ்ட்ரா இன்னொரு பக்கம் வாசிக்கிறது. இரண்டும் அருகருகே நிற்கின்றன, கலக்கவில்லை. அந்தக் கலப்பைச் செய்து முடித்தவர்கள் ஐந்து இளைஞர்கள். அவர்களில் மூவருடைய வேர் இங்கிலாந்தின் தென்கடற்கரையில், போர்ன்மத் வட்டாரத்தில் இருந்தது.

போர்ன்மத் ஓய்வுக்கு வருபவர்களின் ஊர். ஹோட்டல்கள் நிறைந்த ஊர் என்பதால் ஹோட்டல் இசைக்குழுக்களும் நிறைய. அருகிலுள்ள விம்போர்னில் பிறந்த ராபர்ட் ஃபிரிப், மெஜஸ்டிக் ஹோட்டலின் நடனக் குழுவில் கிடார் வாசித்துப் பிழைத்தவர். அந்த நாற்காலியில் அவருக்கு முன் இருந்தவர் பின்னாளில் ‘த போலீஸ்’ குழுவில் புகழ்பெற்ற ஆண்டி சம்மர்ஸ். அதே வட்டாரத்தில் வளர்ந்த கிரெக் லேக், ஃபிரிப் கிடார் பயின்ற டான் ஸ்ட்ரைக் என்ற ஆசிரியரிடமே பயின்றவர். இருவருக்கும் ஒரே பயிற்சிப் பாடங்கள் தெரியும்.

டிரம்ஸ் வாசித்த மைக்கேல் கைல்ஸும் அவருடைய தம்பி பீட்டரும், பாடத் தெரிந்த ஓர் ஆர்கன் கலைஞர் வேண்டும் என்று விளம்பரம் செய்தார்கள். பாடவும் தெரியாத, ஆர்கனும் வாசிக்காத ஃபிரிப் போய் நின்றார். சேர்த்துக்கொண்டார்கள். மூவரும் சேர்ந்து 1968-இல் வெளியிட்ட ஆல்பம் சில நூறு பிரதிகளோடு நின்றுபோனது.

அந்த மூவரோடு வந்து சேர்ந்தவர்தான் இயன் மெக்டொனால்ட். ராணுவத்தின் இசைப்பிரிவில் ஐந்தாண்டு பணியாற்றியவர். புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன், கீபோர்டு எல்லாம் அவர் கைக்கு வரும். பல வாத்தியங்களுக்கு இசைக்குறிப்பு எழுதும் கலையையும் ராணுவமே அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அவர் தன்னோடு அழைத்து வந்தவர் பீட்டர் சின்ஃபீல்ட். எந்த வாத்தியமும் வாசிக்காமல், பாட்டு எழுதுவதும் மேடைக்கு ஒளியமைப்பதுமே அவர் வேலை. கிங் கிரிம்சன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பீட்டர் கைல்ஸ் விலக, பாடவும் பாஸ் கிடார் வாசிக்கவும் லேக் வந்தார்.

இந்தப் பட்டியலில் ஒரு செய்தி இருக்கிறது. அன்றைய பிரிட்டிஷ் ராக் இளைஞர்கள் அனேகமாக எல்லோரும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு வாசிக்கக் கற்றவர்கள். இவர்கள் கற்றதோ ஹோட்டல் கூடத்தில், ராணுவ அணிவகுப்பில், ஊர் கிடார் ஆசிரியரின் அறையில். ஃபிரிப்பின் காதில் செவ்வியல் இசையமைப்பாளர்கள் பார்ட்டோக்கும் ஸ்ட்ராவின்ஸ்கியும் ஒலித்தார்கள், மெக்டொனால்டின் காதில் ராணுவ பாண்டு ஒலித்தது. பிறர் ஊரின் துயரத்தைக் கடன் வாங்காமல், தாங்கள் கற்றதை வைத்தே ராக் இசை செய்யலாம் என்ற துணிவு ப்ராக்ரெசிவ் ராக்கின் முதல் வித்து. எத்தனை நிமிடம் நீண்டது, எத்தனை வாத்தியம் வைத்தார்கள் என்பதெல்லாம் பிறகு வந்த கணக்குகள்.

ஃபுல்ஹாம் பேலஸ் சாலை

1969 ஜனவரி 13 அன்று, லண்டன் ஃபுல்ஹாம் பேலஸ் சாலையில் ஒரு கஃபேயின் நிலவறையில் முதல் ஒத்திகை நடந்தது. வாத்தியங்கள் வாங்க மெக்டொனால்டின் உறவினர் ஒருவர் கடன் கொடுத்தார். ஏப்ரலில் ஸ்பீக்கீஸி கிளப்பில் அரங்கேற்றம். அதன் பின் செய்தி வாய்மொழியாகவே பரவியது. மே மாதம் மேஃபேரில் இருந்த ரெவல்யூஷன் கிளப்புக்கு கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வந்தார். அவருடைய வலது கை கட்டுப் போடப்பட்டிருந்தது. கச்சேரி முடிந்ததும் ஃபிரிப்பிடம் வந்து, இதயத்துக்கு அருகில் இருப்பது இடது கைதான் என்று சொல்லி அதை நீட்டினாராம். ஃபிரிப் பல முறை நெகிழ்ந்து நினைவுகூர்ந்த சம்பவம் இது.

அடுத்தது ஆல்பம். மூடி ப்ளூஸ் குழுவின் தயாரிப்பாளர் டோனி கிளார்க்கை வைத்துப் பதிவைத் தொடங்கினார்கள். ஒத்துவரவில்லை, கைவிட்டார்கள். முதல் ஆல்பம் செய்யும் இளைஞர்கள் தாங்களே தயாரிப்பாளராக இருப்பது அந்தக் காலத்தில் அரிதான செயல். அவர்கள் அதைச் செய்தார்கள். ஹைபரி பகுதியில் பழைய தேவாலயக் கூடமொன்றில் இயங்கிய வெசெக்ஸ் ஸ்டுடியோவில், எட்டு ட்ராக் டேப்பில், ராபின் தாம்ப்சன் என்ற ஒலிப்பதிவாளரோடு வேலை நடந்தது. மனிதன் நிலவில் இறங்கிய அதே கோடைக்காலம். அப்போது லேக்குக்கு வயது 21. ஃபிரிப்புக்கும் மெக்டொனால்டுக்கும் 23.

ஐந்து பாடல்கள், சுமார் 44 நிமிடம். முதல் பாட்டு ‘ட்வென்டிஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்ட் மேன்’. கிடாரும் சாக்ஸபோனும் ஒரே குரலாக இடித்துக்கொண்டு நுழைகின்றன. லேக்கின் குரலை வேண்டுமென்றே சிதைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். வியட்நாமில் பெய்த நெருப்பும் அரசியல்வாதிகளின் சிதையும் வரிகளில் வருகின்றன. பின்னர் ஒரு மேடையில் ஃபிரிப் இந்தப் பாட்டை அமெரிக்கத் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்ன்யூவுக்குச் சமர்ப்பித்தார். பாட்டின் நடுவே வேகம் பாய்கிறது. நான்கு வாத்தியங்களும் ஒரே கணத்தில் நிற்கின்றன, ஒரே கணத்தில் பாய்கின்றன, மீண்டும் நிற்கின்றன. ஒரு நூலிழை பிசகினாலும் கேட்டுவிடும். ஜாஸின் வேகம், செவ்வியல் இசையின் ஒழுங்கு, ராக்கின் சத்தம் மூன்றும் இந்த இடத்தில் ஒன்றாகின்றன. மூடி ப்ளூஸில் அருகருகே நின்றவை இங்கே ஒரே உடம்பாகிவிட்டன.

அந்த இரைச்சல் ஓய்ந்த நொடியில் புல்லாங்குழலோடு ‘ஐ டாக் டு த விண்ட்’ தொடங்குகிறது. இந்த அடுக்கு தற்செயலானது அல்ல. உரத்ததன் பின் மெல்லியதை வைக்கும்போது இரண்டின் பொருளும் மாறுகிறது. நான்காவது பாட்டான ‘மூன்சைல்ட்’ மட்டும் பலருடைய பொறுமையைச் சோதிக்கும். இரண்டரை நிமிடப் பாட்டு முடிந்ததும், மீதி நேரமெல்லாம் எழுதி வைக்காத, தாளமற்ற, மிக மெல்லிய வாசிப்பு. ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பது என்றால் என்ன என்பதை அதில் தெரிந்துகொள்ளலாம்.

எட்டு விநாடி ஆர்க்கெஸ்ட்ரா

‘எபிடாஃப்’ பாட்டிலும் தலைப்புப் பாட்டிலும் பெரிய வயலின் கூட்டம் ஒன்று மதில்போல் எழும்புகிறது. ஸ்டுடியோவில் ஒரு வயலின் கூட இல்லை. அது மெல்லோட்ரான் என்ற கருவியின் வேலை. பார்க்கக் கீபோர்டு. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த டேப் துண்டு, அதில் வயலினோ புல்லாங்குழலோ கோரஸோ முன்பே பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும். சுமார் எட்டு விநாடியில் டேப் தீர்ந்துவிடும், கையை எடுத்தால் சுருண்டு தொடக்கத்துக்குப் போகும். அமெரிக்காவின் ஹாரி சேம்பர்லின் கண்டுபிடித்த கருவியை அடியொற்றி பர்மிங்ஹாமில் செய்யப்பட்டது. சுருதி அடிக்கடி நழுவும், மேடைக்குத் தூக்கிச் செல்வதும் பெரும்பாடு.

பீட்டில்ஸும் மூடி ப்ளூஸும் இதை முன்பே பயன்படுத்தியிருந்தார்கள். மெக்டொனால்ட் அதன் குறையையே இசையாக்கினார். எட்டு விநாடிக்குள் சுரக்கோவையை மாற்றியாக வேண்டும். அதனால் இசை நிதானமாக, ஊர்வலம் போல நகர்கிறது. டேப்பின் நடுக்கம் ஒலிக்கு ஒரு முதுமையைக் கொடுக்கிறது. உலகத்தின் முடிவை அஞ்சிப் பாடும் ‘எபிடாஃப்’ பாட்டுக்கு உண்மையான ஆர்க்கெஸ்ட்ரா இவ்வளவு பொருந்தியிருக்காது. ஆர்க்கெஸ்ட்ரா அமர்த்தப் பணமில்லாதவர்கள், ராணுவ பாண்டில் இசைக்குறிப்பு எழுதப் பழகிய ஒருவரின் இரு கைகளால் ஆர்க்கெஸ்ட்ராவைக் குழுவுக்கு உள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

அட்டைப்படமும் வரலாறானது. வரைந்தவர் சின்ஃபீல்டின் நண்பர் பாரி காட்பர், தொழிலால் கணினி நிரலாளர். வெளிப்பக்கம் அலறும் ஒரு முகம், உள்ளே புன்னகைக்கும் ஒரு முகம். முன்னட்டையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. 1970 பிப்ரவரியில், ஆல்பம் வந்து நான்கு மாதத்தில், காட்பர் மாரடைப்பால் இறந்தார். வயது 24.

ஓராண்டு அரசு

ஆல்பம் பிரிட்டனில் 5-ஆம் இடம், அமெரிக்காவில் 28-ஆம் இடம் பிடித்தது. ‘த ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் மனம்விட்டுப் பாராட்டினார். நியூயார்க் விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்கௌ போலி என்று ஒதுக்கினார். அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கியது. அந்த டிசம்பரில் மெக்டொனால்டும் கைல்ஸும் விலகுவதாகச் சொன்னார்கள். அவர்கள் தங்குவதானால் நான் போய்விடுகிறேன் என்று ஃபிரிப் முன்வந்தார். பயனில்லை. சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கோடு அந்த ஐவர் கூட்டு முடிந்தது. முதல் ஒத்திகையிலிருந்து கணக்கிட்டால் ஓராண்டு நிறையவில்லை.

ஆனால் விதை சிதறிவிட்டது. 1969-இல் இவர்களை நேரில் கேட்டு வியந்த டிரம்ஸ் கலைஞர் பில் ப்ரூஃபோர்ட், பின்னர் யெஸ் குழு புகழின் உச்சியில் இருந்தபோது அதை விட்டுவிட்டு 1972-இல் கிங் கிரிம்சனில் சேர்ந்தார். மெக்டொனால்ட் 1976-இல் ஃபாரினர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 2010-இல் ராப் பாடகர் கான்யே வெஸ்ட் தன் ‘பவர்’ பாட்டில் ‘ஸ்கிட்ஸாய்ட் மேன்’ பாட்டின் ஒரு துண்டை எடுத்தாண்டார்.

1970-களில் ப்ராக்ரெசிவ் ராக் ஆடம்பரத்துக்குப் பெயர்போனது, அதற்காகவே ஏச்சும் வாங்கியது. பின்வந்தவர்களில் பலர் இந்த ஆல்பத்திலிருந்து அதன் அளவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் முடிவு. நீளம், வேகம், மெல்லோட்ரான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். அவை எதற்காக வந்தன என்பதை விட்டுவிட்டார்கள். இந்த ஐவரில் ஒருவரும் தலைவர் இல்லை. ஐந்து பாட்டுகளில் மூன்றுக்கு ஐவரும் உரிமையாளர்கள். திறமை மிகுந்த ஃபிரிப் பல இடங்களில் கிடாரைத் தொடாமல் இருக்கிறார், பாட்டுக்கு அது தேவைப்படாததால். போரை அஞ்சிய ஒரு தலைமுறை தன் அச்சத்தைச் சொல்ல மூன்று நிமிடப் பாட்டு போதவில்லை, அதனால் பாட்டு நீண்டது. நீள வேண்டும் என்பதற்காக நீளவில்லை. முதல் முறை கேட்பவர்கள் ஐந்து பாடல்களையும் வரிசை மாற்றாமல், இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். அந்த வரிசையும் அவர்கள் இயற்றியதுதான்.

அடுத்த வாரம்: ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் லேக் சந்தித்த கீத் எமர்சன், இருவரும் தொடங்கிய புதுக் குழு, 1970 ஆகஸ்டில் ஒயிட் தீவு விழாவில் அவர்கள் வெடித்த பீரங்கிகள்.

(தொடரும்)