படகோடு போகும் படித்துறை: ஒரு தேக்குப் பலகையின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபி குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் ஒருவர் வளைகுடா நாட்டில், உல்லாசப் படகுகள் நிறுத்தும் துறையில் பராமரிப்பு வேலை பார்க்கிறார். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். படகின் பின்பக்கம், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில், பலகைகளைச் சிறு இடைவெளி விட்டு அடுக்கிய சின்ன மேடை. வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகக் கிடந்தது. "சார், இதைத் தேக்குங்காங்க. நம்ம மலைத் தேக்குதானா? இதுக்கு எண்ணெய் போடணுமா, வார்னிஷ் அடிக்கணுமா?" என்று கேட்டிருந்தார்.

இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இரண்டு கேள்விக்கும் பின்னால் 200 வருடத்துக் கதை இருக்கிறது. அதில் நம் செங்கோட்டை மலைக்கும் பங்கு உண்டு. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில், அந்த மேடை என்ன என்று தெரியாதவர்களுக்கு. படகில் வருகிறவர்கள் கடலில் இறங்கி நீந்தவும், திரும்ப ஏறி வரவும் வைத்திருக்கும் மேடை அது. நீச்சல் மேடை என்று சொல்லலாம். நம் குளத்துப் படித்துறையைப் படகு தன் முதுகிலேயே கட்டிக்கொண்டு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

படகிலேயே மரத்துக்கு மிகவும் கஷ்டமான இடம் அதுதான். வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன், நினைவிருக்கிறதா? வேலிக்கால் எந்த இடத்தில் முதலில் இற்றுப்போகும்? மேலேயும் இல்லை, மண்ணுக்குள் ஆழத்திலும் இல்லை. மண் மட்டத்தில்தான். மரத்தை அழிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்கக் காய்ந்த மரத்தில் ஈரம் இல்லை. சேற்றுக்குள் முழுக்க மூழ்கிய மரத்தில் காற்று இல்லை. இரண்டும் சேருகிற இடத்தில்தான் பூஞ்சை வேலை செய்யும். நீச்சல் மேடை நாள் முழுக்க அந்த இடத்திலேயே நிற்கிறது. அலை வந்து நனைக்கும், வெயில் வந்து காய்க்கும், மறுபடி நனைக்கும். நனைந்தால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இப்படி உப்பிச் சுருங்கியே சாதாரண மரம் வெடித்துவிடும்.

இதைத் தாங்கும் மரங்களில் உலகம் முதலிடம் கொடுத்தது தேக்குக்கு. 'தேக்கு' என்ற நம் சொல்தான் போர்ச்சுக்கீசியர் வாயில் 'டேக்கா' ஆகி, ஆங்கிலத்தில் 'டீக்' ஆனது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பூஞ்சையும் கரையானும் விரும்பாத வேதிப்பொருள்கள் உண்டு. மணலில் இருக்கிற சிலிக்காவும் கொஞ்சம் உண்டு. தேக்கை இழைத்தால் இழைப்புளி சீக்கிரம் மழுங்குகிறது என்று ஆசாரிமார் சொல்வது அதனால்தான். இன்னொன்று, ஈரத்தில் உப்பிச் சுருங்குவது மற்ற மரங்களைவிடக் குறைவு. ஓக் மரத்தில் இருக்கும் அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கு அப்படிச் செய்யாது.

இதை வெள்ளைக்காரர்கள் கண்டுகொண்டபோதுதான் நம் மலைக்கு வினை வந்தது.

பார்சி சமூகத்தைச் சேர்ந்த லோவ்ஜி வாடியா என்ற கப்பல் தச்சர் 1736-ல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்தார். அவர் வம்சத்தார் தலைமுறை தலைமுறையாகப் பம்பாய் துறையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பிரிட்டிஷ் கடற்படைக்கும் கப்பல் கட்டினார்கள். இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. நெப்போலியனோடு நடந்த போரில் கப்பல் தேவை ஏறிக்கொண்டே போனது. மலபார் தேக்கு பம்பாய்க்குப் போனது. அப்படிக் கட்டிய ஒரு போர்க்கப்பல் 1817-ல் கடலில் இறங்கியது. பெயர் 'டிரிங்கோமலி', அதாவது நம் திருகோணமலை. இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்ல்பூல் துறைமுகத்தில் அது மிதந்துகொண்டிருக்கிறது. 200 வயது தாண்டிய தேக்கு! மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம், பம்பாய்த் தச்சர் கை, ஈழத்து ஊர்ப் பெயர், இங்கிலாந்துத் தண்ணீர்.

ஆனால் விலை கொடுத்தது காடு. 1806-ல் கேப்டன் வாட்சன் என்பவரை மலபாரில் வனப் பாதுகாவலராகக் கம்பெனி நியமித்தது. இந்தியாவின் முதல் வனப் பாதுகாவலர் அவர்தான். பதவியின் பெயர்தான் பாதுகாவலர். பாதுகாத்தது கடற்படைக்கான மரத்தை. தேக்கு முழுவதும் கம்பெனிக்கே உரியது என்றாயிற்று. சொந்த நிலத்தில் நின்ற மரத்தைக்கூட உரியவன் தொட முடியவில்லை. மக்களும் மர வியாபாரிகளும் கொதித்தார்கள். 1823-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ அந்த ஏகபோகத்தை ஒழித்தார். பிறகு என்ன, தனியார் கோடாரிகள் உள்ளே நுழைந்தன.

நம் ஊர்க் கதையும் வேறல்ல. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது உங்களுக்குத் தெரியும். சங்கு முத்திரை போட்ட நம் ஊர் நுழைவாயிலே அதற்குச் சாட்சி. அந்தச் சமஸ்தானத்தில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை 'ராஜ மரங்கள்'. நிலம் உன்னுடையதாக இருக்கலாம், மரம் மகாராஜாவுடையது. 1904-ல் கொல்லம் ரயில் பாதை ஆரியங்காவுக் கணவாய் வழியாக நம் ஊரை எட்டியபோது, மலையின் மரம் வெளியே போவது இன்னும் சுலபமாயிற்று.

1840-களில் மலபார் கலெக்டர் கொனொலி யோசித்தார்: இப்படியே வெட்டினால் நாளைக்கு என்ன செய்வது? நிலம்பூரில் தேக்கு நடச் செய்தார். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று இன்று சொல்லப்படுவது அதுதான். அங்கே இருந்து நட்டு வளர்த்த பெருமை சாத்து மேனன் என்ற அதிகாரிக்கு உரியது. தேக்கு விதையை முளைக்க வைப்பது லேசில்லை. ஓடு அவ்வளவு கெட்டி. இன்றும் நாற்றங்காலில் அந்த விதையை இரவில் தண்ணீரில் ஊறவைத்துப் பகலில் வெயிலில் காயவைப்பார்கள். பல நாள் இப்படி மாற்றி மாற்றிச் செய்தால்தான் ஓடு இளகும். பலகையை எது கெடுக்கிறது என்று மேலே சொன்னேனோ, அதேதான் விதையை எழுப்புகிறது!

நட்ட தேக்கு அறுவடைக்கு வர 50, 60 வருடம் ஆகும். கடற்படை அதுவரை காத்திருக்குமா? பர்மா பக்கம் திரும்பினார்கள். 1826-ல் தெனாசரிம் கரை, 1852-ல் பெகு. இரண்டும் பிரிட்டிஷ் கைக்குப் போயின. அங்கேயும் தேக்குதான் பெரிய வரும்படி. செட்டிநாட்டு வீடுகளில் நாம் அண்ணாந்து பார்க்கிற தூண்களும் அங்கிருந்து வந்தவையே. உல்லாசப் படகுகளுக்கும் நீண்ட காலமாகப் பர்மா தேக்குதான் உயர்ந்த ரகம்.

எனவே முதல் கேள்விக்குப் பதில்: தம்பி, அது நம் மலைத் தேக்காக இருக்க வாய்ப்புக் குறைவு. பெரும்பாலும் பர்மா தேக்கு. நம் மலையில் குறைந்ததால் அங்கே போனார்கள். அங்கேயும் குறைந்தது. 2014-ல் மியான்மர் முழுமரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின்மீது தடை போட்டன. ஒரு காடு தீர்ந்தால் இன்னொரு காடு என்று 200 வருடம் ஓடியாயிற்று. இனிப் போவதற்கு இன்னொரு பர்மா கிடையாது. உன் கையில் இருக்கிற பலகையைக் காப்பாற்றுவதுதான் மிச்சம் இருக்கிற வழி.

எப்படிக் காப்பாற்றுவது? இதற்கு நம் கடற்கரை மக்களிடம் கேட்க வேண்டும்.

கட்டுமரத்தைப் பார்த்திருப்பீர்கள். 'கேட்டமரான்' என்று உலகம் முழுக்கச் சொல்வது நம் சொல்லைத்தான். கடலுக்குப் போய் வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் போட்டுக் காய வைப்பார்கள். நீர் குடித்த மரம் கனக்கும், சீக்கிரம் கெடும். பராமரிப்பு என்று தனியாக ஒரு நாள் கிடையாது. அன்றாடத் தொழிலிலேயே அது அடக்கம்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், கெட்டுவள்ளத்துக்கு அயினிப் பலகை. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்து, முந்திரிக்கொட்டை ஓட்டுப் பிசினைக் காய்ச்சிப் பூசுவார்கள். பாம்புப் படகுகளுக்கு மீன் எண்ணெய். போட்டி முடிந்தால் கரையேற்றிக் கொட்டகையில் நிழலில் வைத்துவிடுவார்கள். நம் பக்கத்துத் தோணிகளுக்குப் பலகை இடுக்கில் பஞ்சை அடைத்துக் 'கலப்பத்து' பார்ப்பார்கள். குங்கிலியமும் எண்ணெயும் அதற்குத் துணை. புன்னை எண்ணெய் விளக்குக்கும் எரிந்தது, படகுக்கும் பூசப்பட்டது.

இவை எல்லாவற்றிலும் பொது விஷயம் ஒன்று உண்டு. மரத்தின் மேல் கண்ணாடி மாதிரி மூடி போடவில்லை. உள்ளே இறங்கும்படி எண்ணெய் கொடுத்தார்கள், காய விட்டார்கள், அடுத்த முறை மறுபடி கொடுத்தார்கள்.

இனி இரண்டாவது கேள்விக்குப் பதில், வரிசையாக:

1. முடிந்தால் மேடையைப் படகிலிருந்து கழற்று. அடிப்பக்கமும் ஆணித் துளைகளும் தாங்கு கம்பிகளும்தான் முதலில் கெடும். மேலே நின்று பார்த்தால் அவை தெரியாது.

2. மென்மையான பிரஷ், சோப்புத் தண்ணீர். மர ரேகைக்குக் குறுக்காகத் தேய். ரேகையோடு சேர்த்து அழுத்தித் தேய்த்தால் மென்மையான பகுதி பெயர்ந்து வாய்க்கால் விழுந்துவிடும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் பம்பும் அதையேதான் செய்யும்.

3. சாம்பல் நிறம் நோய் இல்லை. வெயில் பட்டு மேல்தோல் நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அப்படியே விட்டாலும் தேக்கு தாங்கும். பலர் அப்படித்தான் விடுகிறார்கள். பழைய நிறம் வேண்டும் என்றால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் போட்டு நன்றாகக் கழுவு. கையுறை அவசியம்.

4. நிழலில் சில நாள் காய விடு. பிறகு 80, 120 எண் உப்புத்தாள். அதற்கு மேல் வழவழப்பாக்காதே. ஈரக்கால் வைக்கிற இடம். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் பலகை கொஞ்சம் மெலிகிறது. அதனால் தேவைப்பட்டால் மட்டும் தேய்.

5. தேக்கு எண்ணெய் என்று கடையில் விற்பது பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய் அல்லது டங் எண்ணெய் சேர்ந்தது. மெல்லிசாகப் பூசு. கால் மணி நேரம் குடிக்க விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடு. பலகையின் வெட்டு முனைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று தடவை கொடு. அந்த முனை உறிஞ்சுகுழல் கட்டு மாதிரி. தண்ணீர் அதன் வழியாகத்தான் ஏறும்.

6. வார்னிஷ் கைப்பிடிக்குச் சரி, இந்த மேடைக்கு வேண்டாம். ஈரத்தில் வழுக்கும். ஒரு கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே வர வழியில்லாமல் நிற்கும். பிறகு தோல் உரிகிற மாதிரி உரியும்.

7. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. ஆளிவிதை எண்ணெய் காயும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து வெப்பம் விடும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துப் போடு, அல்லது வெளியே விரித்துக் காய வை.

ஒரு தடவை பெரிதாகச் செய்துவிட்டு ஐந்து வருடம் மறந்துவிட்டால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. ஒரு சீசனுக்கு இரண்டு மூன்று தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, நாள் குறித்துச் செய்.

இதெல்லாம் படகுக்காரர் சங்கதி, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் ஊரிலிருந்து ரயில் ஏறினால் புனலூர். கல்லடையாற்றின் மேல் 1877-ல் கட்டி முடித்த தொங்குபாலம் அங்கே இருக்கிறது. இரும்புச் சங்கிலி தாங்குகிறது, நடக்கிற தளம் மரப்பலகை. கேரளத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பலகைகளைக் காட்டுங்கள். சங்கிலியைப் பார்த்து வியப்பார்கள். காலடியில் இருக்கிற பலகைக்கு எத்தனை பேர் கவனிப்பு தேவைப்பட்டிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

பிறகு உங்கள் வீட்டைப் பாருங்கள். தாத்தா காலத்து நிலை, கதவு, ஊஞ்சல் பலகை. வீடு இடிக்கும்போது பழைய மரக்கடைக்காரர் சொன்ன விலைக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, பிளாஸ்டிக் கதவு போடுகிறோம். அந்த மரம் காட்டில் நின்ற வருடங்கள் நம் வயதைவிட அதிகம். இன்று நட்டால் நம் பேரப்பிள்ளைகள் நடுத்தர வயதைத் தாண்டும்போதுதான் அந்த அளவுக்கு வரும்.

சாரல் வருமுன் ஒரு வேலை செய்யுங்கள். புறவாசல் கதவின் அடிப்பகுதியையும், குளியலறை நிலையின் கால்களையும் ஒரு சிறு கத்தி முனையால் குத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது. காய்ந்த நாளாகப் பார்த்து எண்ணெய் கொடுங்கள். மெத்தென்று இறங்கினால் ஆசாரியைக் கூப்பிடுங்கள். இப்போது என்றால் அரை அடி மரத்தோடு போகும்.

உங்கள் வீட்டில் பழைய தேக்குச் சாமான் இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். யார் செய்தது, எந்த வருடம் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.