ஒரு பெண் வரைந்த பெண்



வகுப்பில் ஜெர்மனி வரலாறு என்றால் பிஸ்மார்க்கில் தொடங்கி ஹிட்லரில் முடித்துவிடுவோம். இடையில் அங்கு வாழ்ந்த ஓவியர்களுக்குப் பாடத்தில் இடமில்லை. இன்று ஓர் ஓவியத்தின் கதையைச் சொல்கிறேன்.

1909-இல் காப்ரியேலே மூன்ட்டர் என்ற ஜெர்மானியப் பெண் அட்டையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய உருவப்படம் அது. மஞ்சள் பின்னணி. பூக்கள் வைத்த பெரிய தொப்பி. ஊதா நிறக் கழுத்துத் துணி. முகத்தில் பச்சைத் தீற்றல்கள். தோள் வழியாகத் திரும்பி நம்மை நேராகப் பார்க்கிறார் அந்தப் பெண். கண்ணுக்குத் தெரியும் நிறத்தை விட்டு, மனதில் பட்ட நிறத்தைத் தீட்டுவதுதான் எக்ஸ்பிரஷனிசம்.

படத்தில் இருப்பவர் மரியானே வெரெஃப்கின், ரஷ்யப் பெண். பெரிய ஓவியர் ரேபினிடம் பயின்றவர். 1896-இல் யாவ்லென்ஸ்கியுடன் முனிச் வந்து, அவருடைய வளர்ச்சிக்காகத் தன் தூரிகையைப் பத்தாண்டு காலம் கீழே வைத்தவர். பிறகு மீண்டும் வரையத் தொடங்கினார்.

மூன்ட்டரின் பாதையும் எளிதல்ல. முனிச் அரசுக் கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1920-இல்தான். எனவே தனியார் பள்ளியில் படித்தார். அங்கே ஆசிரியராக வந்தவர் காண்டின்ஸ்கி. பின்னர் அவரே வாழ்க்கைத் துணை. 1914-இல் போர் மூண்டதும், ரஷ்யரான காண்டின்ஸ்கி ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. 1917-இல் அவர் வேறொரு பெண்ணை மணந்தார்.

1937-இல் நாஜிகள் இத்தகைய ஓவியங்களை ‘சீரழிந்த கலை’ என்று முனிச்சில் காட்சிக்கு வைத்துக் கேலி செய்தனர். மூன்ட்டர் தன் படங்களை முர்னாவ் ஊரில் இருந்த வீட்டின் நிலவறையில் ஒளித்து வைத்தார். தன்னைப் பிரிந்துபோன காண்டின்ஸ்கியின் படங்களையும் சேர்த்தே காத்தார்!

1957-இல், தன் எண்பதாவது பிறந்தநாளையொட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை முனிச்சின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்தார். மரியானேயின் படமும் அதில் ஒன்று. இன்றும் அங்கே இருக்கிறது.

மூன்ட்டரைக் ‘காண்டின்ஸ்கியின் துணைவி’ என்றும், மரியானேயை ‘யாவ்லென்ஸ்கியின் தோழி’ என்றும் ஒரே வரியில் முடித்த புத்தகங்கள் உண்டு. ஆனால் அந்தப் படத்தில் ஆண் யாரும் இல்லை. ஓர் ஓவியரை இன்னோர் ஓவியர் மதிப்போடு பார்த்த பார்வை மட்டுமே இருக்கிறது. அந்தக் காலத்து ஓவியங்களில் பலவற்றை நாம் இன்று பார்க்க முடிவதே, மூன்ட்டர் அந்த நிலவறையைக் காத்ததால்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைத் தேடிக் காட்டுங்கள். வரைந்தவர் பெயரையும் சொல்லிக் காட்டுங்கள்.