வேட்டி கட்டப் புதுசா? பிளவக்கல் பக்கம் போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

2025-ல் ஒரே ஒரு இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், விருதுநகர் மாவட்டத்தின் கூமாப்பட்டியை ஊர் உலகத்துக்கே காட்டிக்கொடுத்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு பிளவக்கல் அணைப் பக்கம் வெளியூர்க்காரர்கள் படையெடுத்தார்கள். அணையைப் பார்க்க ஜீன்ஸே போதும். ஆனால் வத்திராயிருப்பில் நண்பன் வீட்டுக் கல்யாணம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் தேர் என்று வந்தால், யாராவது ஒரு பெரியவர் கையில் வேட்டியைக் கொடுத்து, "இதக் கட்டிக்கோங்க தம்பி" என்பார். அங்கேதான் பலருக்கும் வியர்க்கும்.

இத்தனைக்கும் 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தால், ரேஷன் கார்டு இருக்கும் பல வீடுகளுக்குப் பொங்கலுக்கு வேட்டி வருகிறது. பீரோவில் இருக்கிறது, இடுப்பில்தான் இல்லை.

நாலு முழமா, எட்டு முழமா?

ஒரு முழம் என்பது சுமார் ஒன்றரை அடி. நாலு முழ வேட்டி ஒற்றை மடிப்பு. காற்றோட்டமாக இருக்கும், ஆனால் மெல்லிய துணி என்றால் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். எட்டு முழத்தை இரண்டாக மடித்து 'டபுள் வேட்டி'யாகக் கட்டுவார்கள். புதுசாகக் கட்டுபவருக்கு எட்டு முழம்தான் நல்லது. கனமாக நிற்கும், சட்டென்று நழுவாது.

கட்டுவது ரொம்ப சிம்பிள். வேட்டியை முதுகுப் பக்கமாகப் பிடித்து இரண்டு முனைகளையும் முன்னால் கொண்டுவர வேண்டும். ஒரு முனையை எதிர்ப்பக்க இடுப்பில் இறுக்கிச் செருகி, மறு முனையை அதன்மேல் சுற்றிக் கொண்டுபோய்ச் செருக வேண்டும். பிறகு மேல் ஓரத்தை வெளிப்பக்கமாக ஒரு சுருட்டு. கரை நேராகத் தொங்கி, பாதத்தைத் தொடாமல் கணுக்காலில் நின்றால் பாஸ். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கட்டக் கூடாது. மூச்சு விட்டதும் இறுக்கும், சாப்பிட்டு எழுந்தால் இன்னும் மோசம்.

கரையின் நிறத்தையும் கவனிக்கணும். கறுப்பு சிவப்புக் கரை என்றால் தி.மு.க., நடுவில் வெள்ளையும் சேர்ந்தால் அ.தி.மு.க. அழகாக இருக்கிறதே என்று வாங்கிக் கட்டினால், பந்தியில் பக்கத்து இலைக்காரர் தொகுதி நிலவரம் விசாரிப்பார்.

மடிச்சுக் கட்டினால் என்ன தப்பு?

நடக்கும்போது, வயலில் இறங்கும்போது, சதுரகிரி மலை ஏறும்போது வேட்டியை மடித்துக் கட்டுவது சாதாரணம். ஆனால் பெரியவர் எதிரே வந்தாலோ, கோயிலுக்குள் நுழைந்தாலோ மடிப்பை இறக்கிவிடுவது வழக்கம். மடித்துக் கட்டியபடியே பேசினால் திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள். புதியவர்களுக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. ஒரு பார்வையில் புரியவைத்துவிடுவார்கள்.

இந்த ஏற்றி இறக்கலுக்குப் பின்னால் கசப்பான கதை ஒன்றும் உண்டு. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்கள் மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். நகை அணியக் கூடாது என்பதோடு, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது என்பதும் அதில் இருந்தது. அடுத்த ஆண்டு தடைகளின் எண்ணிக்கை இன்னும் கூடியது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதிகள் அப்போது அதே ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. 1985-ல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தன.

அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்புதான், 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில், காந்தி தன் உடையை முழங்கால் அளவு துணியாகக் குறைத்துக்கொண்டார். முழு உடைக்கு வசதியில்லாத ஏழைகளைப் பார்த்து அவராக எடுத்த முடிவு அது. ஒருவர் விரும்பிக் குறைத்த அதே அளவை, இன்னொருவருக்குக் கட்டளையாகப் போட்டார்கள். அதனால் தாத்தா காலத்து ஆள் ஒருவர் கணுக்கால் வரை வேட்டியை இறக்கிக் கட்டி நடந்தால், அதை வெறும் ஸ்டைல் என்று நினைத்துவிட முடியாது.

வேட்டிக்குத் தடை போட்டால் சிறையா?

ஆமாம், தமிழ்நாட்டில் அதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. ஆங்கிலேயர் காலத்து 'டிரெஸ் கோடு' மனப்பான்மை என்று சட்டப்பேரவை வரை சத்தம் எழுந்தது. ஆகஸ்டிலேயே அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது. வேட்டி போன்ற தமிழர் உடையைக் காரணம் காட்டி கிளப், அரங்கம் போன்ற பொது இடங்களில் அனுமதி மறுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். நிறுவனத்தின் உரிமமும் ரத்தாகலாம்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களின் 'கில்ட்' உட்பட மலைநாட்டு உடைகளுக்கு 1746-ல் பிரிட்டிஷ் அரசு தடைச் சட்டம் போட்டது. 1782-ல்தான் அது விலக்கப்பட்டது. பழைய கில்ட்டும் தைக்காத ஒரே நீளத் துணிதான், இடுப்பில் பெல்ட் கட்டி மடிப்பு வைப்பார்கள். அங்கே சட்டம் போட்டுக் கழற்றச் சொன்னார்கள், இங்கே கட்டுபவரைத் தடுத்தால் சட்டம்.

ராஜபாளையத்தில் வேட்டி நெய்கிறார்களா?

மில் ஊர் என்பதால் பலர் அப்படி நினைக்கிறார்கள். பக்கத்திலுள்ள சத்திரப்பட்டி தறிகளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பேண்டேஜ் துணி. கைத்தறி வேட்டி வேண்டும் என்றால் கோ-ஆப்டெக்ஸில் கிடைக்கும். சகாயம் ஐ.ஏ.எஸ். அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோதுதான் ஜனவரி 6-ஐ வேட்டி தினமாகக் கொண்டாடும் பழக்கம் பரவியது.

முதல் நாள் அவிழ்ந்துவிட்டால்?

அவிழும் என்று நினைத்தே கட்டுங்க. உள்ளே அரைக்கால் டிரவுசர் போட்டுக்கொண்டால் பயமே இல்லை. ஊர்ப் பெரியவர்களின் பாக்கெட் வைத்த பட்டாபட்டி இதற்காகத்தான். பெல்ட் போடுவதும், வெல்க்ரோ வைத்த ஒட்டும் வேட்டி வாங்குவதும் கேவலமில்லை. இன்று மாப்பிள்ளைகளே அதைத்தான் கட்டுகிறார்கள். செல்போனை மடியில் செருகாதீர்கள், அதன் எடைக்கே கட்டு தளரும். சட்டைப் பையில் வையுங்கள். அப்படியும் நழுவினால் பக்கத்தில் நிற்கும் யாராவது சிரித்துக்கொண்டே, "இந்தா மாப்ள, கையைத் தூக்கு" என்று இறுக்கிக் கட்டிவிட்டுப் போவார்.