512 பைட் வாய்க்கா தகராறு

விண்டோஸும் லினக்ஸும் ஒரே பெட்டியில வேணும். ஒரே ஹார்டு டிஸ்க்கை பார்ட்டிஷன் போட்டுப் பிரிக்கலாமா, இல்ல ஆளுக்கு ஒரு டிஸ்க் குடுத்துடலாமா? "தனித்தனி டிஸ்க் தான் நல்லது"ன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிடறாங்க மக்கள். ஏன் நல்லதுன்னு புரியணும்னா 1983-க்குப் போகணும். கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்குங்க :)

அந்த வருஷம் மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தது. உள்ளே 10 மெகாபைட் ஹார்டு டிஸ்க். (இன்னிக்கு மொபைல்ல எடுக்கற நாலஞ்சு போட்டோவுக்கே பத்தாது!) கூடவே வந்த டாஸ் 2.0, டிஸ்க்கோட முதல் 512 பைட்டைத் தனியா ஒதுக்கிச்சு. அது தான் மாஸ்டர் பூட் ரெக்கார்ட். 446 பைட் பூட் ஆகறதுக்கான கோடு, 64 பைட் பார்ட்டிஷன் டேபிள், கடைசி 2 பைட் முத்திரை. டேபிள்ல நாலு பார்ட்டிஷனுக்கு இடம். ஆக, வீட்டை நாலு போர்ஷனா பிரிச்சவங்க வாசலை மட்டும் ஒண்ணே ஒண்ணு வெச்சாங்க. வந்தது வினை.

அந்த வாசல் எந்த பார்ட்டிஷனுக்கும் சொந்தமில்ல, மொத்த டிஸ்க்குக்கும் பொது. லினக்ஸோட லிலோவோ க்ரப்போ அங்கே உட்கார்ந்திருக்கும். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணினா, யாரு என்னன்னு கேக்காம அது மேலயே தன் கோடை எழுதிடும். லினக்ஸ் ஃபைல் எல்லாம் பத்திரமா உள்ளே இருக்கும், போக வழி தான் இருக்காது.

ரெண்டாவது டிஸ்க் வாங்கினா ரெண்டாவது வாசல் கிடைக்குது. மேட்டர் அவ்ளோ தான்.

யூஇஎஃப்ஐ பரவினதும் இந்தத் தகராறு தீர்ந்திருக்கணும். அதுல பூட் லோடர்களுக்குன்னே ஒரு பார்ட்டிஷன் உண்டு, ஒவ்வொரு ஓ.எஸ்ஸும் தனி ஃபோல்டர் போட்டுக்கலாம். தீர்ந்துச்சா? ரெண்டு டிஸ்க் மாட்டியிருந்தாலும், விண்டோஸ் இன்ஸ்டாலர் பல சமயம் பக்கத்து டிஸ்க்கில் ஏற்கனவே இருக்கற பூட் பார்ட்டிஷன்லயே போய் ஒட்டிக்கும். பின்னால அந்த டிஸ்க்கைக் கழட்டினா விண்டோஸும் எழுந்திருக்காது. இன்ஸ்டால் பண்றப்ப மத்த டிஸ்க்கைக் கழட்டி வைன்னு பெருசுங்க சொல்றது இதுக்குத் தான்.

அப்புறம் 2024 ஆகஸ்ட். செக்யூர் பூட்டுக்கான ஒரு விண்டோஸ் அப்டேட், ஓட்டை இருந்த பழைய லினக்ஸ் பூட் லோடர்களுக்குத் தடை போட்டுச்சு. ரெண்டு ஓ.எஸ் இருக்கற பெட்டிகளுக்கு இது போகாதுன்னு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. இருந்தும் பலருக்கு லினக்ஸ் படுத்துடுச்சு. அந்தத் தடை பதிவானது டிஸ்க்கில் இல்ல, மதர்போர்டு மெமரியில. தனி டிஸ்க் வெச்சிருந்தவனையும் அது விடல.

இருந்தாலும் நம்ம கட்சி தனி டிஸ்க் தான். ஒண்ணு புட்டுக்கிட்டாலும் இன்னொண்ணு நிக்கும். லேப்டாப்பில் ஒரே ஸ்லாட் தான் இருக்கா? கவலையே வேணாம், பார்ட்டிஷன் போடுங்க. விண்டோஸ் முதல்ல, லினக்ஸ் அப்புறம். பேக்கப் எடுத்துட்டு ஆரம்பிங்க, கையில ஒரு லைவ் யூஎஸ்பியும் இருக்கட்டும்.