திறக்காத மதகு: சோறு இறங்காத நோயின் 350 வருஷக் கதை

கொஞ்சம் நீளமான இழை. சாப்பிட்டு முடிச்சிட்டு நிதானமா படிங்க. விஷயமே சாப்பாடு பத்தினதுதான்.

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. வயசு 38. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) "சோறு நெஞ்சுலயே நிக்குது சார்." நாலு வருஷமா இதே புகார், நாலு வருஷமா கேஸ் மாத்திரை. எண்டோஸ்கோப்பி எடுத்து 'நார்மல்'னு ஒரு ரிப்போர்ட்டும் கையில இருந்தது. 52 கிலோ இருந்தவங்க 39க்கு வந்துட்டாங்க. ராத்திரி இருமலுக்கு ரெண்டு தடவை சளிப் பரிசோதனை, டிபி இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. மாமியார் வீட்டுல "வேணும்னே சாப்பிடாம அடம் பிடிக்குறா"ன்னு பேச்சு. அம்மா வீட்டுல மந்திரிச்சுக் கயிறு கட்டியாச்சு.

உண்மையைச் சொல்லிடறேன். முதல் தடவை வந்தப்ப நானும் கேஸ் மாத்திரைதான் எழுதினேன்.

ரெண்டாவது தடவைதான், "எப்படிம்மா சாப்பிடுவீங்க? செஞ்சு காட்டுங்க"ன்னு கேட்டேன். கூட வந்த பொண்ணு பையில பிஸ்கட் இருந்தது. ஒரு துண்டு வாயில போட்டாங்க. எழுந்து நின்னாங்க. பாட்டில் தண்ணியை மடமடன்னு குடிச்சாங்க. அப்புறம் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, முதுகை நிமிர்த்தி, மூச்சை இழுத்துப் பிடிச்சு அப்படியே நின்னாங்க. "இப்ப இறங்கிடுச்சு சார்."

யாரும் சொல்லித் தரல, தானே கண்டுபிடிச்ச வழி. இதை நாலு பேர் முன்னாடி செய்ய வெட்கப்பட்டு, கொல்லைப்புறத்துல நின்னுக்கிட்டே தனியா சாப்பிட்டிருக்காங்க. கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்து வருஷக்கணக்காச்சு.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது 1674ல அச்சான ஒரு புத்தகம். எழுதினவர் தாமஸ் வில்லிஸ்னு ஒரு ஆங்கில மருத்துவர். அவர்கிட்ட ஆக்ஸ்போர்டுக்காரர் ஒருத்தர் வந்தார். நல்ல திடமான ஆள். ஆனா சாப்பிட்டது எதுவும் வயித்துக்குப் போகல, தொண்டை வரைக்கும் நிரம்பி அப்படியே வெளியே வந்துடுது. வில்லிஸ் திமிங்கில எலும்புல வளையுற மாதிரி ஒரு குச்சி செஞ்சு, நுனியில கடற்பஞ்சு உருண்டை கட்டிக் கொடுத்தார். அந்த மனுஷன் ஒவ்வொரு சாப்பாட்டுக்கு அப்புறமும் அந்தக் குச்சியைத் தானே தொண்டைக்குள்ள விட்டு, சோத்தை வயித்துக்குள்ள தள்ளுவார். இப்படியே சுமார் 15 வருஷம் உயிரோட இருந்தார். படிக்கும்போதே நமக்குக் குமட்டுது. ஆனா இந்த நோய்க்குப் பதிவான முதல் சிகிச்சை அதுதான்.

நோயோட பேரு அகலேசியா. என்ன நடக்குதுன்னு உத்திரமேரூர்க்காரங்களுக்குச் சொல்றது ரொம்ப சுலபம். பராந்தக சோழன் காலக் கல்வெட்டுல குடவோலைத் தேர்தலோட 'ஏரி வாரியம்'னு ஒரு குழுவும் வருதே, ஏரியை மட்டும் கவனிக்கறதுக்கு? அந்த ஊர்க்காரங்களுக்கு மதகைப் பத்தி நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல. உணவுக்குழாய் 25 சென்டிமீட்டர் நீளக் கால்வாய். கடைசியில, வயித்து வாசல்ல, தசையால ஆன ஒரு மதகு. நாம விழுங்கினதும் மேலேருந்து ஒரு அலை கிளம்பி சோத்தைத் தள்ளிக்கிட்டு வரும், மதகு தானா திறக்கும். அகலேசியாவுல அந்த அலையும் கிடையாது, மதகும் சரியா திறக்காது. மதகு துருப்பிடிக்கல, கல்லும் அடைக்கல. 'திற'ன்னு உத்தரவு கொடுக்குற ஆள் செத்துட்டார். அதாவது, தசைக்கு நடுவுல இருக்குற நரம்பு செல்கள் அழிஞ்சு போச்சு. நோய் எதிர்ப்பு சக்தியே அதைத் தாக்கி அழிக்குதுங்கறதுதான் இப்போ வலுவா இருக்குற கருத்து.

இதைப் புரிஞ்சுக்க வில்லிஸுக்கு அப்புறம் 250 வருஷம் ஆச்சு. காரணம், உள்ளே பார்க்க வழியில்ல. வளைஞ்ச தொண்டைக்குள்ள நேரான குழாய் போகுமான்னே சந்தேகம். 1868ல ஜெர்மனியில ஃப்ரைபர்க் ஊர்ல குஸ்மால்ங்கற மருத்துவர் அதை யாரை வெச்சு சோதிச்சார் தெரியுமா? வாள் விழுங்குற வித்தைக்காரரை வெச்சு. தலையை அண்ணாந்து பிடிச்சா வாய்லேருந்து வயிறு வரைக்கும் ஒரே நேர்க்கோடுன்னு அந்த வித்தைக்காரங்களுக்கு எப்பவோ தெரியும்.

இங்க நம்ம பக்கத்துத் தொடர்பு ஒண்ணு இருக்கு. 1810கள்ல லண்டன்ல வாள் விழுங்கிக் காட்டிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர் இந்தியாவுலேர்ந்து போன வித்தைக்காரர். விளம்பரங்கள்ல அவர் பேரு 'ராமோ சாமி'. ராமசாமியாத்தான் இருக்கணும்! 1850ல அங்கேயே வறுமையில செத்தார். அடக்கம் செய்யக்கூட அவர் மனைவி ஊர்கிட்ட உதவி கேட்க வேண்டியிருந்தது. குஸ்மால்கிட்ட வந்தவர் இவர் இல்ல, வேற ஆள். ஆனா எண்டோஸ்கோப்போட வரலாறு எழுதறப்ப, அதுக்கு முன்னாடி தொண்டையைப் பணயம் வெச்ச இந்த வித்தைக்காரங்களுக்கும் ஒரு வரி ஒதுக்கணும்னு நினைக்கிறேன். (வீட்டுல முயற்சி பண்ணாதீங்க. சீரியஸா சொல்றேன்.)

1880கள்ல மிகுலிச்ங்கற அறுவை மருத்துவர் இந்த நோய்க்கு 'கார்டியோஸ்பாசம்'னு பேரு வெச்சார். வயித்து வாசல் இறுக்கிப் பிடிச்சுக்குதுன்னு அர்த்தம். லண்டன்ல ஆர்தர் ஹர்ஸ்ட் இதை ஏத்துக்கல. ரப்பர் குழாய்ல பாதரசத்தை நிரப்பி விழுங்க வெச்சார். அது தன் கனத்துலயே நழுவி உள்ளே போச்சு. இறுக்கிப் பிடிச்சிருந்தா எப்படிப் போகும்? இது இறுக்கம் இல்ல, தளரத் தெரியாமை. தளராமைங்கற அர்த்தத்துல கிரேக்கத்துலேர்ந்து 'அகலேசியா'ன்னு பேரு வந்தது. 1930ல ஹர்ஸ்டும் ரேக்கும் அந்த நரம்பு செல்கள் காணாம போயிருக்கறதை எழுதினாங்க.

அறுவை சிகிச்சை அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. நம்ம உத்திரமேரூர் பக்கத்துத் திருமுக்கூடல் கோயில்ல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கையோட ஒரு ஆதுலசாலை, ஒரு மருத்துவர், அறுவை செய்ய தனியா ஒருத்தர், மருந்து கொடுக்கப் பெண்கள், எல்லாருக்கும் நெல் சம்பளம். படிச்சா பெருமையா இருக்கும். ஆனா அங்கயும் இந்த நோயாளிக்கு ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. மயக்க மருந்து இல்லாம வயித்தைத் திறந்து அந்த வாசல் வரைக்கும் கத்தி போக முடியாது. 1913 ஏப்ரல்ல, லைப்ஸிக் நகரத்துல எர்ன்ஸ்ட் ஹெல்லர் போனார். நோயாளிக்கு 49 வயசு, அதுல 30 வருஷம் விழுங்க முடியாம கஷ்டம். ஹெல்லர் அந்த வாசலோட தசையை மட்டும் முன்னாலயும் பின்னாலயும் கீறி விட்டார், உள்தோலைத் தொடல. செத்துப் போன ஆளைத் திரும்பக் கொண்டு வர முடியாது, மதகை நிரந்தரமா திறந்து வெச்சுடலாம். இன்னைக்கும் இதுதான் அடிப்படை. முன்பக்கம் ஒரு வெட்டே போதும்னு அப்புறம் டச்சுக்காரங்க காட்டினாங்க.

இப்போ அதையே லேப்ராஸ்கோப்புல செய்யறோம். பெரிய பலூனை ஊதித் தசையைக் கிழிச்சு விடறதும் உண்டு. 2008ல ஜப்பான்ல இனோவே வாய் வழியா எண்டோஸ்கோப் விட்டு, உள்தோலுக்கு அடியில சுரங்கம் போட்டு, உள்ளேருந்தே தசையை வெட்டினார். அதுக்குப் பேரு 'போயம்'. வெளியில ஒரு தழும்பு கிடையாது, ஆனா பின்னாடி நெஞ்செரிச்சல் கொஞ்சம் அதிகம். அறுவை தாங்காத வயசானவங்களுக்கு போடாக்ஸ் ஊசி, சில மாசம் தாங்கும். மாத்திரையால பெரிய பலன் இல்ல.

நீங்க கவனிக்க வேண்டியது: சோறு மட்டுமில்ல, தண்ணியும் நெஞ்சுல நிக்குதா? காலையில தலகாணியில நேத்து சோறு இருக்கா? புளிப்பில்லாம, சாப்பிட்டது அப்படியே வெளியே வருதா? எடை குறையுதா? இருந்தா கேஸ் மாத்திரையோட நிக்காதீங்க. 'எண்டோஸ்கோப்பி நார்மல்'ங்கறது புற்றுநோய் இல்லைன்னு தெரிஞ்சுக்க அவசியம், ஆனா ஆரம்ப அகலேசியா அதுல தப்பிச்சுடும். பேரியம் குடிச்சு எடுக்குற எக்ஸ்ரேயில நுனி பறவை அலகு மாதிரி கூம்பித் தெரியும். மேனோமெட்ரி உறுதி பண்ணும். வருஷத்துக்கு லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற நோய்ங்கறதால எங்களுக்கும் சட்டுன்னு தோணாது. நீங்களே "அகலேசியாவா இருக்குமா?"ன்னு கேளுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சா வேற டாக்டரைப் பாருங்க. சென்னையில பெரிய அரசு மருத்துவமனைகள்ல இரைப்பை குடல் அறுவைக்குத் தனித் துறையே இருக்கு. காப்பீட்டு அட்டையை எடுத்துட்டுப் போங்க.

அந்த அம்மாவுக்கு சென்னையில ஒரு அரசு மருத்துவமனையில லேப்ராஸ்கோப் முறையில செஞ்சாங்க. இப்போ 47 கிலோ. அலை திரும்பி வரல, வராது. அதனால பக்கத்துல சொம்புத் தண்ணி, நல்லா மென்னு சாப்பாடு, கட்டில் தலைமாட்டுக் காலுக்கு அடியில ரெண்டு செங்கல். போன மாசம் பொண்ணு பெரியவளானதுக்குப் பத்திரிகை வைக்க வந்தாங்க. "முதல் பந்தியில உக்காரப் போறேன் சார்"னாங்க.