ஆசிரியரின் நூல், மாணவரின் பெயர்

சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கும்போது எழுத்தாளர் வட்டாரத்தில் ஒரு பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வரும். ஒருவரை நிலைநிறுத்துவது அவர் எழுத்தா, அவருக்கு அடிக்கப்படும் தண்டோராவா? இருக்கிற எழுத்தாளர்களைச் சாட்சிக்கு அழைத்து இதைத் தீர்க்க முடியாது. அவர்களுடைய விற்பனைக் கணக்கு இன்னும் முடியவில்லை. சாட்சி சொல்பவர்களும் நண்பர்களாகவோ பங்காளிகளாகவோ இருப்பார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு தள்ளி நின்று பார்க்க இரண்டு பேர் கிடைக்கிறார்கள். இருவரும் ஒரே சாலைக்காரர்கள், ஆசிரியரும் மாணவரும்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை கார் ஆலையைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர். மரபுக் கணக்குப்படி 1017இல் இராமானுசர் பிறந்த ஊர். அதே சாலையில் சுங்குவார்சத்திரம் கடந்து, காஞ்சிபுரத்துக்கும் மேற்கே போனால் பாலுசெட்டிச்சத்திரத்தை ஒட்டித் திருப்புட்குழி. அங்கேதான் யாதவப்பிரகாசர் வேதாந்தம் சொல்லிக்கொடுத்தார் என்கிறது குருபரம்பரை. இளம் இராமானுசர் அவரிடம் பாடம் கேட்டார். உபநிடத வாக்கியங்களுக்குப் பொருள் கொள்வதில் மனத்தாங்கல் வந்து பிரிந்தார்.

அதன்பின் கதை வேகமெடுக்கிறது. காசி யாத்திரை என்று அழைத்துப்போய் மாணவரைத் தீர்த்துக்கட்ட ஆசிரியர் திட்டமிட்டதாகவும், உடன்வந்த கோவிந்தர் எச்சரித்துக் காப்பாற்றியதாகவும் வைணவ வரலாறுகள் சொல்கின்றன. எழுதியவர்கள் மாணவரின் கட்சிக்காரர்கள் என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும். ஆசிரியர் பக்கத்து வாக்குமூலம் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை. விளம்பர பலம் இல்லாதவருக்கு நேரும் முதல் நட்டம் இதுதான்: அவரைப் பற்றிய கதையை மற்றவர்கள் எழுதிவிடுகிறார்கள்.

திறமையில் யாதவர் குறைந்தவரா? பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதியவர். பிங்கலரின் யாப்பு நூலுக்கும் உரை கண்டவர். ‘வைஜயந்தி’ என்ற பெரிய சமற்கிருத நிகண்டைத் தொகுத்தவர். துறவியர் ஒழுக்கம் பற்றி ‘யதிதர்ம சமுச்சயம்’ செய்தவர். தத்துவம், யாப்பு, சொற்களஞ்சியம், அறநூல் என நான்கு துறையிலும் கால் பதித்தவர் எந்தக் காலத்திலும் அபூர்வம். இராமானுசர் எழுதியதாக மரபு சொல்லும் நூல்கள் ஒன்பது. ஸ்ரீபாஷ்யம், கீதை உரை, வேதார்த்த சங்கிரகம், மூன்று கத்யங்கள் அவற்றில் அடங்கும். ஒன்பதும் வேதாந்தமும் பக்தியும் சார்ந்தவை, ஒன்பதும் சமற்கிருதம். வாதத்தின் கூர்மையில் மாணவர் ஆசிரியரை மிஞ்சியிருக்கலாம். துறைகளின் அகலத்தை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு ஆசிரியருக்கு.

ஆனால் யாதவரின் பிரம்ம சூத்திர உரை இன்று இல்லை. அவர் கொள்கை நமக்குத் தெரிவதே பெரும்பாலும் அதை மறுத்தவர்களின் வாயிலாகத்தான். வேதார்த்த சங்கிரகத்தில் சங்கரர், பாஸ்கரர் ஆகியோரோடு தம் பழைய ஆசிரியரின் கொள்கையையும் இராமானுசர் மறுக்கிறார். தமிழில் குண்டலகேசிக்கு நேர்ந்ததும் இதுவே. அந்தப் பௌத்த காப்பியம் அழிந்துபோய்ச் சில பாடல்களே எஞ்சின. அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசி முழுதாக நிற்கிறது. கிரேக்க மொழியில் கெல்சஸ் கிறித்தவத்தை எதிர்த்து எழுதிய நூலும் மறைந்தது; ஆரிகன் எழுதிய மறுப்பில் கிடைக்கும் மேற்கோள்களே மிச்சம்.

மாணவரின் நூல் மட்டும் எப்படிப் பிழைத்தது? நூலோடு ஆட்களையும் சேர்த்ததால். முதல் ஆட்களை அவர் தூரத்தில் தேடவில்லை. காசி யாத்திரையில் காப்பாற்றிய கோவிந்தர், பின்னாளில் எம்பார் எனப்பட்டவர், சுங்குவார்சத்திரம் அருகே மதுரமங்கலத்துக்காரர். இராமானுசரின் சிற்றன்னை மகன். முதலியாண்டான் சகோதரி மகன். கூரத்தாழ்வான் காஞ்சிபுரத்தை ஒட்டிய கூரத்தைச் சேர்ந்தவர். ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்லச் சொல்ல எழுதியவர் இந்தக் கூரத்தாழ்வான். உடன்பாடில்லாத இடத்தில் எழுத்தாணியை நிறுத்திவிடலாம் என்பது ஏற்பாடு. ஓரிடத்தில் நிறுத்தவும் செய்தாராம். நல்ல எடிட்டர் கிடைப்பதும் எழுத்தாளனின் அதிர்ஷ்டந்தான். காஷ்மீரத்தில் சரசுவதியே நூலைத் தலைமேல் வைத்துப் பாராட்டிப் பெயர் சூட்டினாள் என்றும் மரபு சொல்கிறது. இதற்குமேல் ஒரு பின்னட்டை வாசகம் எந்தப் பதிப்பாளருக்கு வாய்க்கும்?

பிறகு அமைப்பு வந்தது. கொள்கை பரப்பும் ஆசாரியர்களாக எழுபத்துநான்கு சிம்மாசனாதிபதிகளை அவர் நியமித்ததாகச் சொல்வார்கள். தாம் தமிழில் எழுதாவிட்டாலும் திருவாய்மொழிக்கு உரை எழுதத் திருக்குருகைப்பிரான் பிள்ளானை ஏவினார், ஆறாயிரப்படி பிறந்தது. திருவரங்கத்தமுதனார் அவர்மேல் பாடிய இராமானுச நூற்றந்தாதி, 108 பாடல்கள், நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தோடு சேர்ந்து கோயில்தோறும் ஓதப்படுகிறது. ஸ்ரீபாஷ்யத்தை முழுக்கப் படித்தவர்கள் எந்த நூற்றாண்டிலும் சிலர்தான் இருந்திருப்பார்கள். அவர் பெயரைச் சாதாரண மக்களின் நாவில் ஏற்றியது இன்னொருவர் தமிழில் பாடிய அந்தாதி.

இந்த இடத்தில் விளம்பரக் கட்சிக்காரர் வழக்கு முடிந்தது என்று எழுந்து நிற்பார். கொஞ்சம் உட்காரச் சொல்ல வேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் தில்லிப் படை திருவரங்கத்துக்குள் புகுந்தபோது, ஸ்ரீபாஷ்யத்துக்குச் சுதர்சன சூரி எழுதிய ‘சுருதப்பிரகாசிகை’ ஓலைகளையும் அவருடைய இரு பிள்ளைகளையும் வேதாந்த தேசிகர் பிணங்களுக்கிடையே படுத்துக் காத்தார் என்பது மரபுக் கதை. கதையில் மிகை இருக்கட்டும். ஓலைக்கட்டுக்காக உயிரைப் பணயம் வைத்த ஒருவரைக் கற்பனை செய்யவாவது ஒரு கூட்டத்துக்கு முடிந்திருக்கிறது. அந்தப் பற்றைத் தண்டோரா போட்டு வரவழைக்க முடியாது. படித்தவர்களை மறுபடி மறுபடி இழுத்துப் பிடிக்கும் ஏதோ ஒன்று நூலுக்குள் இருந்தாக வேண்டும்.

இதைவிடச் சிக்கலான சாட்சி ஆசிரியரின் பக்கத்திலேயே இருக்கிறது. யாதவரின் எல்லா நூலும் அழியவில்லை. வைஜயந்தி நிற்கிறது. காளிதாசனுக்கு உரை எழுதிய மல்லிநாதர் சொற்பொருளுக்கு அதைத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகிறார். அதற்கு மடம் இல்லை, அந்தாதி இல்லை, சிம்மாசனாதிபதி ஒருவர்கூட இல்லை. 1893இல் குஸ்தாவ் ஆப்பர்ட் சென்னையில் அச்சிட்டபோது சுவடிகள் கிடைக்கவே செய்தன.

ஏன்? நிகண்டு வேலைக்கு ஆகிற நூல். உரையாசிரியருக்கு, கவிஞருக்கு, பாடம் சொல்பவருக்கு அது தேவைப்பட்டது; தொகுத்தவர் அத்வைதியா, பேதாபேதியா, எந்த வேதாந்தக் கட்சி என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை நிறைந்திருக்கும் வெண்டர் கம்பெனிகளின் நிலை இது. அவர்கள் செய்த பாகம் இல்லாமல் வண்டி நகராது. வண்டியின் முகப்பில் அவர்கள் பெயர் இருக்காது. வைஜயந்தியும் அப்படி மற்றவர் நூல்களுக்குள் பொருத்தப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிரம்ம சூத்திர உரை அத்தகையதல்ல. அது ஒரு கட்சியின் வாதம். கட்சி கலைந்தால் வாதத்தைப் படியெடுக்க ஆள் இல்லை.

ஆகவே ‘திறமையா, விளம்பரமா’ என்ற கேள்வியை எல்லா எழுத்துக்கும் பொதுவாகக் கேட்பதே பிழை என்று நினைக்கிறேன். அகராதி, இலக்கணம், சமையல் குறிப்பு போன்றவை பயன்பாட்டின் கால்களில் நடக்கும். கருத்தை நிறுவ வரும் நூலுக்கும் புதிதாகச் சொல்ல வரும் கதைக்கும் தூக்கிச் செல்லும் ஆட்கள் வேண்டும். இன்றைய வெளியீட்டு விழாக்கள் அந்த ஆட்களைத் தேடும் முயற்சிதான். பல விழாக்களில் கூட்டம் எழுத்தாளருக்குச் சேர்கிறது, நூலுக்குச் சேர்வதில்லை. வித்தியாசம் பத்து வருடத்தில் தெரிந்துவிடும்.

இராமானுசரின் பெயர் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. 2015இல் கலைஞர் தொலைக்காட்சியில் அவர் வரலாறு தொடராக வந்தது. கதை வசனம் மு. கருணாநிதி. 2022இல் ஐதராபாத் அருகே 216 அடிச் சிலை திறக்கப்பட்டது. இவற்றால் ஸ்ரீபாஷ்யத்துக்கு எத்தனை புதிய வாசகர்கள் கிடைத்தார்கள் என்பது வேறு விசாரணை.

யாதவரின் கடைசி அத்தியாயத்தையும் மாணவரின் கட்சியே எழுதியிருக்கிறது. முதுமையில் அவர் இராமானுசரிடமே துறவு பெற்றுக் கோவிந்த ஜீயர் ஆனாராம். யதிதர்ம சமுச்சயம் இராமானுசர் பணித்து எழுதியதாம். அந்த நூல் பிழைத்தது. 1995இல் பாட்ரிக் ஒலிவெல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அமெரிக்காவில் வெளியிட்டார். எதிராளியாக இருந்தபோது எழுதிய வேதாந்த உரை போயிற்று. சீடராக மாறிய பின் எழுதியதாகச் சொல்லப்படும் விதிநூல் கிடைத்தது. பயன்பாட்டு நூல் என்பதாலா, சரியான கூட்டத்துக்குள் வந்துசேர்ந்ததாலா என்று கேட்டால், இந்த ஒரு நூலில் மட்டும் என்னால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.